முதுகுல ஒரு பேட்டரி... லாபம் யாருக்கு?

ராஜபாளையத்தில் முதுகுவலி இல்லாத வீட்டைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு ஒரு கிலோ பால்கோவா பரிசு என்று அறிவிக்கலாம். தைரியமாக அறிவிக்கலாம், பரிசு கொடுக்க வேண்டியே வராது. பக்கத்தில் பதினொன்று பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதே கதைதான்.

ஏன் என்று யோசிக்கவே வேண்டாம். இந்த ஊர்களின் தொழிலைப் பார்த்தாலே போதும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸில் ஆரம்பித்து, ஊரைச் சுற்றி நூல் மில்கள். ரிங் ஃப்ரேமுக்கு நடுவில் எட்டு மணி நேரம் நடந்துகொண்டே, அறுந்த இழையைக் குனிந்து குனிந்து சேர்க்கும் சைடர்கள். நூல் நிறைந்த காப்புகளைக் கழற்றி மாட்டும் டாஃபர்கள். பக்கத்தில் சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். அங்கே தறிக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பவர்கள், பாவு சுற்றிய கனத்த உருளையைத் தூக்கி மாட்டுபவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுப்புக்கு முன்னால் குனிந்து மணிக்கணக்கில் பால்கோவா கிண்டுபவர்கள். 2019-ல் அந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிண்டியவரின் இடுப்புக்கு எதுவும் கிடைக்கவில்லை, அது வேறு விஷயம்.

உலகத்தின் காயங்களுக்கெல்லாம் கட்டுப்போடத் துணி நெய்து அனுப்பும் ஊர்க்காரர், தன் முதுகுவலிக்கு மதுரைக்குப் பஸ் ஏறுகிறார். அங்கே எம்.ஆர்.ஐ. "எல்-4 எல்-5 ஜவ்வு விலகிருச்சு" என்ற தீர்ப்பு. மாத்திரை, ஊசி, பெல்ட். சிலருக்கு ஆபரேஷன். அந்தச் சிலரிலும் சிலருக்கு, ஆபரேஷன் முடிந்த பிறகும் வலி போவதில்லை. காலில் மின்சாரம் பாய்ந்த மாதிரி இழுக்கிறது. ராத்திரி தூக்கம் இல்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம்...

அப்படிப்பட்டவரிடம்தான் வருகிறது அந்த வாசகம். "கடைசியா ஒண்ணு இருக்கு. ஃபாரின் டெக்னாலஜி. முதுகுக்குள்ள ஒரு சின்ன மெஷின் வெச்சா வலி ஸ்விட்ச் போட்ட மாதிரி நின்னுடும்."

இந்தக் கட்டுரை அந்த மெஷினைப் பற்றியது. அதைவிட முக்கியமாக, அந்த வாசகத்தைப் பற்றியது.

அது என்ன மெஷின்?

ஸ்பைனல் கார்ட் ஸ்டிமுலேட்டர். தமிழில் தண்டுவடத் தூண்டி என்று சொல்லிக்கொள்ளலாம். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைக்கிறார்களே, அதன் ஒன்றுவிட்ட தம்பி. மெல்லிய வயர் ஒன்றோ இரண்டோ. அவற்றின் நுனியில் மின்முனைகள். தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே உள்ள சின்ன இடைவெளியில் அந்த வயரைச் செருகுவார்கள். மறுமுனை ஒரு சின்ன பேட்டரிப் பெட்டியில் போய்ச் சேரும். பெட்டியை இடுப்புக்குக் கீழேயோ வயிற்றுப் பக்கமோ தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். அது விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பும். கூட்டவும் குறைக்கவும் நோயாளி கையில் ஒரு ரிமோட்.

இதற்குப் பின்னால் இருந்த யோசனை அழகானது. 1965-ல் ரொனால்ட் மெல்ஸாக், பேட்ரிக் வால் என்ற இருவர் ஒரு கொள்கையை வெளியிட்டார்கள். தண்டுவடத்தில் ஒரு வாசல் மாதிரி ஏற்பாடு இருக்கிறது. தொடுகை உணர்வைக் கொண்டுவரும் தடித்த நரம்பு இழைகள் வேலை செய்தால் அந்த வாசல் சாத்திக்கொள்ளும், வலிச் செய்தி மூளைக்குப் போவது குறையும் என்றார்கள். முட்டியில் இடித்துக்கொண்டால் உடனே கையால் தேய்க்கிறோமே, அதே சூட்சுமம்தான். இரண்டே வருஷத்தில், 1967-ல், அமெரிக்காவில் நார்மன் ஷீலி என்ற அறுவை நிபுணர் புற்றுநோய் வலியால் தவித்த ஒருவருக்கு இந்தக் கருவியை முதன்முதலில் பொருத்தினார்.

பொருத்துவதற்கு முன் ஒரு ஒத்திகை உண்டு. வயரை மட்டும் உள்ளே விட்டு, பெட்டியை உடம்புக்கு வெளியே வைத்துச் சில நாட்கள் பார்ப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரப் பெட்டி. இது நல்ல ஏற்பாடு என்று தோன்றும். அதில் இருக்கும் ஓட்டைக்குப் பிறகு வருவோம்.

எதிர்த்தரப்பின் வாதம் முதலில்

ஒரு விஷயத்தை எதிர்ப்பதற்கு முன்னால் அதன் பக்கம் இருக்கும் நல்லதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

2000-ல் நெதர்லாந்தில் கெம்லர் குழுவினர், கையிலோ காலிலோ அடிபட்ட பிறகு தாறுமாறாக எரிச்சலும் வலியும் வரும் ஒரு நோய்க்கு இந்தக் கருவியைச் சோதித்தார்கள். 54 நோயாளிகள். கருவி கிடைத்த தரப்புக்கு வலி குறைந்தது. 2007-ல் பல நாடுகளில் 100 பேரை வைத்து ஓர் ஆய்வு. முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் கால்வலி தீராதவர்கள். ஆறு மாதத்தில் வலி பாதியாவது குறைந்தவர்கள் கருவித் தரப்பில் 48 சதவீதம், வழக்கமான சிகிச்சைத் தரப்பில் 9 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். இதையெல்லாம் பார்த்து 2008-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, ஆறு மாதத்துக்கு மேல் எதற்கும் அடங்காத நரம்பு வலிக்கு, ஒத்திகையில் தேறினால், இதை வைக்கலாம் என்று பரிந்துரைத்தது.

இந்தக் கருவியால் நிஜமாகவே நன்றாக இருக்கிறேன் என்று சொல்பவர்கள் உலகத்தில் உண்டு. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் பாருங்கள்... அந்த நெதர்லாந்து ஆய்வில் இருந்தவர்களை ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது இரண்டு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 100 பேர் ஆய்வுக்குச் செலவு செய்தது கருவி விற்கும் மெட்ரானிக் கம்பெனி. தவிர, அந்த இரண்டு ஆய்வுகளிலும் யாருக்குக் கருவி, யாருக்கு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவருக்கு முதுகைத் திறந்து புது மெஷின், ரிமோட், டாக்டரின் தனி கவனிப்பு. இன்னொருவருக்கு ஏற்கனவே தோற்றுப்போன அதே பழைய மாத்திரை. பிறகு இருவரையும் கூப்பிட்டு "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டால் பதில் எப்படி வரும்?

வலிக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளி சொல்வதுதான் கணக்கு. அதனால்தான் வலி சம்பந்தப்பட்ட எதற்கும் போலி சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். கருவி ஓடுகிறதா இல்லையா என்று நோயாளிக்கே தெரியாமல் சோதிக்க வேண்டும். பழைய கருவிகளில் அது கஷ்டம். ஓடினால் உடம்பில் சுரசுரவென்று இருக்கும், தெரிந்துவிடும். சுரசுரப்பு இல்லாத புதிய வகைகள் வந்த பிறகு அந்தச் சாக்கும் போய்விட்டது.

ஸ்விட்சை அணைத்துப் பார்த்தபோது

நார்வேயில் அதைச் செய்தார்கள். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் கால்வலி தீராதவர்கள், ஒத்திகையில் தேறியவர்கள், மொத்தம் 50 பேர். எல்லோருக்கும் கருவி பொருத்தியாயிற்று. பிறகு மூன்று மூன்று மாதமாக நான்கு கட்டம். இரண்டு கட்டத்தில் கருவி ஓடும், இரண்டு கட்டத்தில் ஓடாது. எப்போது எது என்று நோயாளிக்குத் தெரியாது. அன்றாட வேலைகள் எந்த அளவுக்கு முடங்கியிருக்கின்றன என்பதற்கு ஒரு மதிப்பெண் போட்டார்கள். கருவி ஓடியபோது அந்த மதிப்பெண் சராசரியாக 10.6 குறைந்தது. நல்ல முன்னேற்றம்.

கருவி ஓடாதபோது? 9.3 குறைந்தது.

வித்தியாசம் 1.3. நோயாளியால் உணரக்கூட முடியாத அளவு. இது 2022-ல் ஜாமா இதழில் வெளிவந்தது.

இப்போது அந்த ஒத்திகை ஓட்டைக்கு வருவோம். இந்த 50 பேரும் ஒத்திகையில் "ஆகா, வலி குறைஞ்சிருச்சு" என்று சொன்னவர்கள்தான். அப்படிச் சொன்னவர்களுக்கே ஓடுகிற பெட்டிக்கும் ஓடாத பெட்டிக்கும் வித்தியாசம் இல்லை என்றால், ஒத்திகை எதைச் சோதிக்கிறது? கருவியையா, நோயாளியின் நம்பிக்கையையா?

அடுத்த வருஷம், 2023-ல், காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு முதுகுவலிக்கான எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்தது. கிடைத்தவை 13 ஆய்வுகள், 699 பேர். கவனியுங்கள், 1967-லிருந்து 2023 வரை. ராஜபாளையத்து மில் ஒன்றின் ஆட்கள் எண்ணிக்கை அளவுக்குக்கூட ஆய்வுக்கு ஆள் சேரவில்லை. ஆராய்ச்சிக்கு வெளியே இதை முதுகுவலிக்குப் பயன்படுத்த இருக்கும் சான்று போதாது என்பதுதான் அவர்கள் முடிவு.

பக்க விளைவுகள்? அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2020 செப்டம்பரில் டாக்டர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. முந்தைய நான்கு வருஷத்தில் இந்தக் கருவிகளைப் பற்றி வந்த புகார் அறிக்கைகள் 1,07,728. அதில் காயம் அல்லது பாதிப்பு 77,937. கருவிக் கோளாறு 29,294. மரணத்தோடு சம்பந்தப்பட்டவை 497. இவை புகார்கள்தான், ஒவ்வொன்றுக்கும் கருவிதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் வயர் இடம் நகர்வது, கிருமித் தொற்று, பெட்டி வைத்த இடத்தில் வலி, கடைசியில் வெளியே எடுத்துவிடுவது எல்லாம் கருவிக்கே உரிய தெரிந்த சிக்கல்கள். "ஸ்விட்ச் போட்ட மாதிரி" என்ற வாசகத்தில் இவை எதுவும் வருவதில்லை.

பேலன்ஸ் ஷீட் போட்டுப் பார்த்தால்

டாக்டர்கள் மருத்துவம் பேசட்டும். பி.காம். முதல் வருஷத்தில் சொல்லித்தரும் கணக்கை மட்டும் இங்கே போட்டுப் பார்க்கலாம்.

கருவி இறக்குமதி. பல லட்சம் ஆகும். கணக்குக்காக, எல்லாம் சேர்த்து 7 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மில் தொழிலாளியிடம் 7 லட்சம் ஏது? நகை, வீட்டுப் பத்திரம், தெரிந்தவர் கைமாற்று. வட்டி வருஷத்துக்கு 12 சதவீதம் என்று வைத்தாலும் (ஊரில் கந்து வட்டி நிலவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்) வருஷ வட்டி 84,000. மாதம் 7,000. ஒரு நாளைக்கு 230 ரூபாய்.

இது வட்டி மட்டும். பேட்டரிக்கு ஆயுள் உண்டு. சார்ஜ் செய்ய முடியாத வகை சில வருஷங்களில் தீர்ந்துவிடும், மறுபடி கத்தி வைத்துப் பெட்டியை மாற்ற வேண்டும். ஐந்து வருஷத்தில் தேய்மானம் எழுதினால் வருஷத்துக்கு 1,40,000. ஒரு நாளைக்கு 383 ரூபாய். வட்டியும் தேய்மானமும் சேர்ந்து நாளைக்கு 600 ரூபாய்க்கு மேல். சார்ஜ் செய்யும் வகை வாங்கி, பத்து வருஷம் ஓடும் என்றே வைத்தாலும் 420 ரூபாய்க்கு மேல். (பெட்டியை மட்டும் மாற்றினால் இரண்டாம் முறை கொஞ்சம் குறையும். ஆனால் இதில் காஸ்ட்லியே பெட்டிதான்.)

மாதம் 15,000 சம்பளம் வாங்குபவரின் ஒரு நாள் கூலி 500 ரூபாய். அதாவது, வலியில்லாமல் வேலைக்குப் போவதற்காக வைத்த மெஷின், அந்த வேலை தரும் மொத்தக் கூலியையும் விழுங்கிவிடும். இது மருத்துவமா, குத்தகையா?

விற்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதைவிட அருமையான பிசினஸ் இல்லை. ஒரு முறை வைத்துவிட்டால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக முடியாது. வயர் ஒரு கம்பெனி, பெட்டி இன்னொரு கம்பெனி என்று மாற்றுவது லேசில்லை. பேட்டரி தீர்ந்தால் அவரே திரும்பி வருவார். ரேஸரை வாங்கியவன் பிளேடுக்கு அதே கம்பெனியிடம் போவது மாதிரி. பிளேடு விஷயத்தில் தாடியாவது வளர்த்துக்கொள்ளலாம்!

விலையும் பதிவேடும்

"இறக்குமதி சாமான், விலையை எப்படிக் குறைக்க முடியும்?" என்பார்கள். இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட்டுக்கும் இப்படித்தான் சொன்னார்கள். மருந்து பூசிய ஸ்டென்ட்டின் சராசரி விலை 1,21,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் 29,600 என்று உச்சவரம்பு வைத்தது. சாதாரண ஸ்டென்ட் 45,000-லிருந்து 7,260. அதே ஆகஸ்டில் மூட்டு மாற்றுக் கருவிகளுக்கும் வரம்பு வந்தது. விலை குறைந்தது என்பதைவிட, அதுவரை இடையில் யார் யார் எவ்வளவு எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது வெளியே வந்தது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம், ராஜபாளையத்துக்காரர்கள் செங்கோட்டை வழியாகப் போய் நம்பி வைத்தியம் பார்க்கும் இடம். அங்கே டாக்டர் வலியத்தான் தலைமையில் இதய வால்வை உள்நாட்டிலேயே உருவாக்கி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். இறக்குமதி வால்வைவிட மிகக் குறைந்த விலை. செய்ய முடியாது என்பதெல்லாம் சும்மா.

விலையைவிடப் பெரிய கேள்வி, கருவி கெட்டுப்போனால் யார் தேடி வருவார்கள் என்பது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிபுய் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு ஞாபகம் இருக்கிறதா? 2010-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்ட சரக்கு. இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அது வைக்கப்பட்டிருந்தது. மத்திய அரசு நியமித்த நிபுணர் குழுவின் அறிக்கை 2018-ல் வெளியானபோது, ஆயிரக்கணக்கானவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஒரு பைக்கில் பிரேக் கோளாறு என்றால் நம்பர் பிளேட்டை வைத்து ஓனரைப் பிடித்துவிடலாம். உடம்புக்குள் உலோகம் வைத்தவரைப் பிடிக்க முடியவில்லை. சாதனங்களின் பாதகங்களைக் கண்காணிக்க 2015-ல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது, 2020 ஏப்ரலிலிருந்து எல்லா மருத்துவச் சாதனங்களும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. நல்லது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் சந்துக்குள் இருக்கும் ஒருவரின் பெட்டியில் சீழ் பிடித்தால், அது அந்தக் கணக்கில் ஏற வேண்டும். யார் எழுதி அனுப்புவது? பொருத்தியவர்தான். தன் பரீட்சைப் பேப்பரைத் தானே திருத்துவது மாதிரி.

"வலி வந்தவனுக்குத்தாங்க தெரியும்"

இந்த வாதம்தான் வலுவானது. "உனக்கு இடுப்புல இருந்து பாதம் வரைக்கும் தீ வெச்ச மாதிரி இருந்தா இப்படி ஆய்வு, கணக்குன்னு பேசுவியா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வலியில் இருப்பவர் எதையும் முயன்று பார்க்கத் தயாராகத்தான் இருப்பார். அதில் அவர் தவறு துளியும் இல்லை.

ஆனால் அதே காரணத்தால்தான் விற்பவருக்குப் பொறுப்பு கூடுகிறது. தவிப்பவன் பேரம் பேச மாட்டான். தாகத்தில் இருப்பவனிடம் தண்ணீர் என்று சொல்லி விற்பவர், பாட்டிலில் தண்ணீர்தான் இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். "குடிச்சுப் பாரு, தெரியும்" என்பது பதில் ஆகாது. அதுவும் 7 லட்ச ரூபாய்த் தண்ணீர்.

"நார்வே ஆய்வில் பயன்படுத்திய மின்துடிப்பு வகையே சரியில்லை, ஆட்களும் குறைவு" என்று வலி நிபுணர்கள் பலர் ஆட்சேபித்தார்கள். இருக்கலாம். அப்படியானால் சரியான துடிப்பை வைத்து, நிறைய ஆட்களை வைத்து, ஓடும் பெட்டி ஓடாத பெட்டி என்று சோதித்துக் காட்டுங்கள். அறுபது வருஷம் நெருங்குகிறது, கோடி கோடியாக வியாபாரம் நடக்கிறது, யார் தடுத்தது? நிரூபிக்க வேண்டியது விற்பவர். வாங்குபவர் அல்ல. கடன் கேட்டு பேங்க்குக்குப் போனால் அவனிடம் எத்தனை பேப்பர் கேட்கிறார்கள்!

"பணம் இருக்கிறவன் வெச்சுக்கட்டும், உனக்கென்ன?" என்பது இன்னொன்று. தாராளமாக. கைப்பணத்தில், எல்லாம் தெரிந்து, விரும்பி வைத்துக்கொள்பவரோடு சண்டை இல்லை. சர்க்கரை நோயால் பாதம் எரிபவர்களுக்கு ஒரு புது வகைத் தூண்டியை 2021-ல் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. அதையும் போலிக் கருவியோடு ஒப்பிட்டுச் சோதித்துப் பலன் உறுதியானால் இதே பக்கம் கைதட்டும். சண்டை, மில் தொழிலாளியின் வீட்டுப் பத்திரத்தைப் பற்றியது.

முதலில் செய்ய வேண்டியது எங்கே?

2023 டிசம்பரில் உலக சுகாதார அமைப்பு நாள்பட்ட இடுப்புவலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் இருப்பவை அலுப்பான விஷயங்கள். முறையான உடற்பயிற்சி, வலியைப் பற்றிப் புரியவைத்தல், மனநல ஆதரவு, தேவைக்குச் சில மருந்து. வேண்டாம் என்று சொல்லும் பட்டியலில் இடுப்பு பெல்ட், இழுவை சிகிச்சை, தோல்மேல் ஒட்டிக் கரண்ட் கொடுக்கும் டென்ஸ் மெஷின் எல்லாம் இருக்கின்றன. நம் ஊர் கிளினிக்குகளில் இன்றைக்கும் கொடிகட்டிப் பறப்பவை!

பயிற்சி சொல்லித்தர ஆள் வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீடு தேடி வரும் சேவைகளில் ஒன்று. ஒரு கருவிக்கு ஆகும் பணத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டுக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம், அவர் எத்தனை முதுகுகளைப் பார்ப்பார் என்று யார் வேண்டுமானாலும் வகுத்துப் பார்க்கலாம். பயிற்சி வந்தால் எல்லா வலியும் போய்விடும் என்று கதை விடத் தேவையில்லை. ஆனால் அது தோற்றால் வீடு ஏலத்துக்கு வராது.

அடுத்தது, வேலை இடம். பருத்தித் தூசியால் நுரையீரல் கெட்டுப்போகும் பிசினோசிஸ், சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. நிரூபித்தால் இழப்பீடு கேட்கலாம். பல வருஷம் குனிந்தும் தூக்கியும் தேய்ந்த முதுகு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் முதுகு போனால் அது தொழிலாளியின் தலைவிதி, அவருடைய சொந்தச் செலவு. தூக்கும் பாரத்துக்கு ஒரு தள்ளுவண்டி, நிற்பவருக்கு நடுவில் உட்கார ஒரு ஸ்டூல், ஷிப்டுக்குள் வேலையை மாற்றிக் கொடுப்பது... இவற்றுக்கு எத்தனை ஆயிரம் ஆகும்? செலவை முதலாளி கணக்கில் எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டு, இருபது வருஷம் கழித்துத் தொழிலாளி கணக்கில் லட்சமாக எழுதுகிறார்கள். கணக்குப் பாடத்தில் இப்படிச் செய்தால் ஃபெயில்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடிப்பூரத்துக்கு அத்தனை பெரிய தேரை ஒருத்தன் முதுகில் கட்டி விட்டால் நகருமா? முதுகுவலி விஷயத்தில் மட்டும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

யாருடைய அப்பாவுக்கோ சித்திக்கோ நாளைக்கே இந்த மெஷினைப் பற்றிப் பேச்சு வரலாம். அப்போது டாக்டரிடம் மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்க வேண்டியவை:

1. என்ன வலி இது? நரம்பு வலியா, தசை மூட்டு வலியா? இந்த வகை வலிக்கு, போலிக் கருவியோடு ஒப்பிட்ட ஆய்வில் இது வென்றிருக்கிறதா?

2. மூன்று மாதமாவது ஒழுங்காகப் பயிற்சி சிகிச்சை கொடுத்துப் பார்த்தாயிற்றா? "பிசியோ போனேன்" என்று சொல்லி இரண்டு நாள் கரண்ட் வைத்துக்கொண்டது கணக்கில் சேராது.

3. இதுவரை எத்தனை பேருக்கு வைத்தீர்கள்? அதில் எத்தனை பேருக்குத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது?

4. ஒத்திகைக்குத் தனி பில் எவ்வளவு? ஒத்திகை தோற்றால் அந்தப் பணம் என்ன ஆகும்?

5. பேட்டரி எத்தனை வருஷம்? மாற்றும்போது அன்றைய விலை யார் பொறுப்பு? இன்சூரன்ஸ் அந்த இரண்டாவது ஆபரேஷனுக்கும் வருமா என்பதை எழுத்தில் தருவார்களா?

6. இதை வைத்த பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா? எந்தெந்த நிபந்தனையோடு?

7. கருவியின் பெயர், மாடல், சீரியல் நம்பர் எழுதிய அட்டை நோயாளி கைக்கு வருமா?

நல்ல டாக்டருக்கு இந்தக் கேள்விகள் கோபம் வரவைக்காது. உட்கார வைத்துப் பதில் சொல்வார். சிலருக்கு "உங்களுக்கு இது வேண்டாம்" என்றே சொல்லுவார். "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது, நாளைக்கு அட்வான்ஸ் கட்டிருங்க" என்று பதில் வந்தால், ராஜபாளையத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொள்வது உத்தமம்.

வலி நிஜம். அதற்கு வைத்தியம் கேட்பது உரிமை. ஆனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே பலன் தருமோ என்ற சந்தேகம் தீராத ஒரு பெட்டிக்காக ஒரு குடும்பத்தின் வீட்டுப் பத்திரம் கைமாறக் கூடாது. சான்று, விலை, பதிவேடு மூன்றையும் மேஜை மேல் வைக்கட்டும். அதன் பிறகு பேட்டரியைப் பற்றிப் பேசலாம்.